பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகிற இடத்தில் மரக்கன்று வளர்ப்பது

குழாய் இல்லை, வேலி இல்லை, பக்கத்தில் வீடு இல்லை. வண்டி ஒரு இடத்தில் நின்றுவிடும், மிச்ச தூரம் நடைதான். இப்படிப்பட்ட இடத்தில் நூறு கன்று நட்டு, படம் எடுத்து, அடுத்த கோடை முடிவதற்குள் தொண்ணூறைச் சுள்ளியாக்குவது சுலபம். அது நடுகிறவர்களின் சோம்பல் இல்லை. வாசலில் கன்று வைக்கிற முறையை அப்படியே காட்டுக்குக் கொண்டுபோனதால் வந்த வினை. வாசல் கன்றுக்கு ஏதாவது குறை என்றால் மறுநாள் காலையில் தெரியும். தொலைவில் இருக்கிற கன்றுக்குத் தெரியவருவது பதினாலு நாள் கழித்து. அதனால் குழி, தண்ணீர், மூடாக்கு (கன்றைச் சுற்றி மண்ணை மூடுகிற சருகோ கல்லோ), முள் எல்லாவற்றையும் நீங்கள் அங்கே இல்லாத அந்தப் பதினாலு நாளை மனதில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதலில் எண்ணிக்கை. அதை ஆசை முடிவு செய்யக்கூடாது, கேன் முடிவு செய்யட்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு மேடுபள்ளத்தில் நடப்பவர் ஒரு நாளில் மூன்று நடைக்கு மேல் போனால் அடுத்த முறை வரவே மாட்டார். மூன்று நடை என்றால் 60 லிட்டர். கோடையில் ஒரு கன்றுக்கு ஒரு தடவைக்கு 10 லிட்டர் வேண்டும். ஆக ஒரு ஆளுக்கு ஆறு கன்று, இரண்டு பேர் என்றால் பன்னிரண்டு. அதற்கு மேல் நடுகிற ஒவ்வொரு கன்றும் பக்கத்துக் கன்றின் தண்ணீரைக் குடிக்கிறது. பன்னிரண்டு நட்டுப் பத்தைக் காப்பாற்றினால், அடுத்த ஆண்டு அந்தப் பத்துக்குப் பாதித் தண்ணீர் போதும். மிச்சத்தில் புதிதாக ஆறு வைக்கலாம். இடம் நிறைவது இப்படித்தான்.

அங்கேயே தண்ணீர் சேர்த்து வைக்க முடிந்தால் கணக்கு மாறும். 200 லிட்டர் பீப்பாயைக் கழுத்து வரை புதைத்து, வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டி, மேலே தட்டு வைத்து மூடுங்கள். புதைக்காமல் வெயிலில் விட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்றிரண்டு கோடையில் நொறுங்கும். வெளிச்சம் புகுகிற கேன் அதற்கு முன்பே பாசி பிடிக்கும். பீப்பாய்க்குள் ஒரு நீளக் குச்சியைச் சாய்த்து வையுங்கள். தவறி விழுகிற ஓணானும் அணிலும் ஏறி வரட்டும். இல்லையென்றால் அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது வாடை முதலில் வரும்.

இடம் பார்ப்பது

இடத்தைக் கோடையின் கடைசியில் பாருங்கள். மழைக்காலத்தில் எல்லா நிலமும் பச்சையாக இருந்து ஏமாற்றும். எல்லாம் காய்ந்து கிடக்கும்போதும் எங்கே புல்லின் அடி இன்னும் பச்சையாக நிற்கிறதோ, அங்கே ஈரம் இருக்கிறது. பெரும்பாலும் அது சரிவின் அடிவாரமாகவோ, பாறையின் நிழல் விழுகிற பக்கமாகவோ இருக்கும். கடப்பாரையை நாலைந்து இடத்தில் இறக்கிப் பாருங்கள். முக்கால் அடியிலேயே எல்லாப் பக்கமும் ‘டங்’ என்று சத்தம் வந்தால் கீழே பாறைத்தட்டு. கொஞ்சம் தள்ளிப் போங்கள்.

வடிகாலைச் சோதிக்க ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து நிரம்ப ஊற்றுங்கள். முதல் தண்ணீரைக் காய்ந்த மண் அவசரமாக உறிஞ்சும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அது வடிந்த பிறகு மறுபடி நிரப்பி, ஒரு மணி நேரத்தில் மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் அளந்து பாருங்கள். 2.5 செ.மீ.க்குக் குறைவு என்றால் மழையில் தண்ணீர் கட்டும், வேர் மூச்சுமுட்டும். 10 செ.மீ.க்கு மேல் என்றால் ஊற்றுவதெல்லாம் கீழே ஓடிவிடும். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கவலையில்லை. ஒரு மீட்டர் ஆழ மணல், செடிக்குக் கிடைக்கக்கூடிய நீராக 60 முதல் 80 மி.மீ. வரைதான் பிடித்து வைக்கும். வண்டல் கலந்த மண் அதைப்போல இரண்டு பங்கு பிடிக்கும். மணல் நிலத்தில் கன்று எண்ணிக்கையை இன்னும் குறைக்க வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம்.

கண்ணில் படவேண்டிய வேறு தடயங்களும் உண்டு. ஆட்டுப்புழுக்கை புதிதாகக் கிடந்தால் அது மேய்ச்சல் தடம். புதரடியில் கரி ஏறிய கட்டைகள் நின்றால் அங்கே தீ வருகிறது, மறுபடியும் வரும். வாய்க்கால் கரை, மின்கம்பிக்கு நேர் கீழ், ஒற்றையடிப் பாதையின் ஓரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள்.

கேட்பாரற்றுக் கிடக்கிற நிலத்தில் கேட்காமலே நட்டுவிட்டுப் போகிற வழக்கம் உலகெங்கும் உண்டு. 1973-இல் நியூயார்க்கில் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் குப்பை மண்டிய ஒரு மனையைத் தோட்டமாக்கியதிலிருந்து அதற்கு ‘கெரில்லாத் தோட்டம்’ என்ற பெயரும் வந்து சேர்ந்தது. நகரத்தில் பூச்செடிக்கு அது சரிப்பட்டு வரலாம். மரம் இருபது முப்பது ஆண்டுச் சங்கதி. நிலம் யாருடையது என்று விசாரித்து, ஒரு வார்த்தை கேட்டு, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொள்வது கன்றுக்கு வேலி போடுவதைவிடப் பெரிய பாதுகாப்பு. மூன்று வருடம் சுமந்த தண்ணீர் ஒரு நாள் பொக்லைனில் போவதைப் பார்க்க யாருக்கும் பிடிக்காது. காப்புக்காடு பக்கமே போகவேண்டாம். இயற்கையான புல்வெளியிலும் நடவேண்டாம். மரமில்லாமல் இருப்பதுதான் அதன் ஆரோக்கியம், அதை நம்பி வாழ்கிற பறவையும் பூச்சியும் வேறு.

குழி

குழியை மழைக்கு இரண்டு மாதம் முன்பே எடுத்துவிடுங்கள். நடுகிற அன்றைக்கு எடுக்கிற குழி அவசரக் குழி. 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழம். சதுரமாக இருக்கட்டும். வட்டக் குழியில் வேர் சுவரோடு சுவராகச் சுற்றி வரப் பார்க்கும், மூலை இருந்தால் அங்கே முட்டி வெளியேறும். களிமண்ணில் கடப்பாரையும் மண்வெட்டியும் குழிச் சுவரை இழைத்துப் பளபளப்பாக்கிவிடும். அந்தப் பளபளப்பு வேருக்குச் சிமெண்ட் பூச்சு மாதிரி. வேலை முடிந்ததும் கடப்பாரை நுனியால் நாலு சுவரையும் கீறிவிடுங்கள்.

தோண்டும்போதே மேல் முக்கால் அடி மண்ணை ஒரு பக்கம், அடிமண்ணை எதிர்ப்பக்கம் குவியுங்கள். வெயிலில் குழி ஆறட்டும். மூடும்போது மேல்மண் அடியில் போகவேண்டும். அதோடு நன்றாக மக்கிய தொழுவுரம் நாலில் ஒரு பங்கு, வேப்பம் புண்ணாக்கு 250 கிராம். உரம் எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது என்று குழி முழுக்கத் தொழுவுரத்தால் நிரப்புகிறவர்கள் உண்டு. இரண்டு தொல்லை அதில். உரம் மக்க மக்கக் குழி அரை அடி உள்வாங்கி, கன்றும் கூடவே இறங்கித் தண்டுக்கழுத்து மண்ணுக்குள் புதையும். இன்னொன்று, சொகுசான குழியை விட்டு வேர் வெளியே வராது. தொட்டிச் செடியாகவே இருந்து, தண்ணீர் நின்ற மாதம் சாகும். மக்காத பச்சைச் சாணம் போட்டால் அது வேறு கதை. சூடு வேரைக் கருக்கும், வண்டுப்புழுவும் சேரும், அந்தப் புழுவுக்காகக் காட்டுப்பன்றி குழியையே கிளறிப்போடும்.

சமநிலத்தில் மூடிய குழி சுற்றுத் தரையைவிட மூன்று விரல் தாழ்ந்திருக்கட்டும். தண்ணீர் தேங்குகிற களிமண்ணில் நேர்மாறாக, ஒரு சாண் மேடு கட்டி மேட்டின் மேல் நடவேண்டும்.

சரிவு என்றால் பிறைவரப்பு. கன்றின் கீழ்ப்பக்கமாக, பிறை நிலா வடிவில், இரண்டு கையையும் மேட்டைப் பார்க்க நீட்டியது மாதிரி மண் வரப்பு போடுங்கள். முனைக்கு முனை 2 மீட்டர், உயரம் 20 முதல் 25 செ.மீ. குழி எடுத்த அடிமண்ணே இதற்குப் போதும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர். கன்றுக்கு மேலே 6 சதுர மீட்டர் சரிவு இருந்து, 10 மி.மீ. மழையில் பாதி ஓடிவந்தாலும் 30 லிட்டர் கிடைக்கும். நீங்கள் ஒன்றரை நடை சுமக்கிற தண்ணீரை ஒரு சின்ன மழை சும்மா கொண்டுவந்து கொடுக்கிறது. இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று தாழ்ந்தால் அந்த வழியாகவே எல்லாம் ஓடி அரிக்கும். நிறைந்தால் வழிய, முனைகளில் கல் அடுக்குங்கள். முதல் பெருமழையில் வரப்பின் நடுவில் உடைப்பு விழுந்தால் காரணம் ஒன்றுதான், மண்ணை மிதித்து இறுக்கவில்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட நாடுகளில் இந்தப் பிறைக்குழிகளும் ‘ஸை’ என்கிற சிறு குழிகளும் தரிசை மீட்க உதவின. புர்கினா பாசோவின் விவசாயி யாகூபா சவடோகோ ஸை குழிகளை இன்னும் ஆழப்படுத்தி, எருவிட்டு, ஒரு காட்டையே நிற்க வைத்தார்.

கன்று

ஆள் உயரக் கன்றைப் பார்த்தால் கை தானாக அதற்குத்தான் போகும். எடுக்காதீர்கள். மேலே ஐந்தடி இலை, கீழே ஒரு சாண் வேர். குடிக்கிற வாய் சின்னது, வியர்க்கிற உடம்பு பெரியது. தொலைவிடத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அடிக் கன்றே சரி. தண்டு பென்சில் கனம், அடி இலை உதிராமல், குச்சித் துணையில்லாமல் தானே நிற்க வேண்டும். பையின் அடியைப் பாருங்கள். வேர் வெளியே வந்து தரையில் இறங்கியிருந்தால் அதைப் பிய்த்துத்தான் உங்களிடம் தருவார்கள். பாதி வேர் அங்கேயே தங்கிவிடும்.

வாங்கிய கன்றை நாலிலிருந்து ஆறு வாரம் பழக்க வேண்டும். நாற்றங்காலில் வலை நிழலில் தினம் இருவேளை தண்ணீர் குடித்த பிள்ளை அது. முதல் வாரம் காலை வெயில் மட்டும், பிறகு முழு வெயில். தண்ணீரைத் தினம் ஒருமுறை, ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை என்று தள்ளிக்கொண்டே போங்கள். நுனி லேசாகத் தொங்கும்போது ஊற்றினால் நிமிரும். இலை சிறுத்துக் கெட்டிப்படும். பார்க்க அழகு குறையும், பிழைக்கிற தெம்பு கூடும்.

இனத்தைப் பொறுத்தவரை, சுற்றுவட்டாரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் தானாக நிற்கிற மரம் எது என்று பாருங்கள். அதைவிட நல்ல பட்டியலை யாரும் தரமுடியாது. வறண்ட நிலத்தில் வேம்பு, புளி, உசிலை, வெள்வேல் தாங்கும். புங்கனும் இலுப்பையும் கொஞ்சம் ஈரம் கேட்கும். நாவலுக்கும் மருதுக்கும் தண்ணீர் ஓடுகிற தாழ்வு வேண்டும். சீமைக்கருவேலம் மாதிரி பரவி மற்றதை அடிக்கிற எதையும் கொண்டுபோய் விடாதீர்கள்.

நடுகிற நாள்

முதல் மழை பெய்ததும் ஓடாதீர்கள். அது மேல் நாலு விரலைத்தான் நனைத்திருக்கும். ஒரு விரல் கன இரும்புக் கம்பியைக் கையால் அழுத்துங்கள். ஈரம் உள்ளவரை வழுக்கிக்கொண்டு இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நிற்கும். ஒன்றரை அடி வரை இறங்கினால் நடலாம். மழைக்காலத்தின் கடைசியில் நடுவதும் வீண்தான். வேர் இறங்க இரண்டு மாத ஈரமாவது முன்னால் இருக்க வேண்டும்.

நடுவதற்கு முன் பையோடு கன்றை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை முக்கி வையுங்கள். இதைத் தவறவிட்டதால் போன கன்றுகள் ஏராளம். செத்த கன்றைப் பிடுங்கிப் பார்த்தால் குழி மண் ஈரமாக இருக்கும், நடுவில் பையின் வடிவிலேயே ஒரு கட்டி, முழுக்கக் காய்ந்து, உள்ளே பழைய வேர். தேங்காய் நார்த்தூள் கலந்த நாற்றங்கால் மண் ஒருமுறை முழுசாகக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. மேலே ஊற்றுவது சுற்றி இறங்கிவிடும். ஈரத்தின் நடுவிலேயே கன்று தாகத்தில் சாகும்.

பையைப் பிளேடால் பக்கவாட்டில் கீறி உரியுங்கள், தண்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. அடியில் சுருண்ட வேர் இருந்தால் கடைசி 2 செ.மீ.யை அப்படியே அரிந்து தள்ளுங்கள். மனசு கேட்காது. ஆனால் சுருள் அப்படியே போனால் ஐந்தாறு வருடம் கழித்து அது தண்டையே நெரிக்கும், காற்றில் மரம் அடியோடு சாயும். கன்றைக் குழியில் நேராக இறக்கி, ஆணிவேர் மடங்காமல் பார்த்து, பையில் இருந்த மண் மட்டமும் குழி மட்டமும் ஒன்றாக வருமாறு நிறுத்துங்கள். சுற்றி மண்ணைக் குதிகாலால் அழுத்துங்கள். ஏறிக் குதிக்க வேண்டாம். ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் இலை கிழியவேண்டும், கன்று எழும்பக்கூடாது. மழை தூறிக்கொண்டிருந்தாலும் 10 லிட்டர் ஊற்றியே ஆகவேண்டும். அது தாகத்துக்கு அல்ல, வேருக்கும் மண்ணுக்கும் நடுவில் உள்ள காற்று இடைவெளியை மூட.

நீர் உறிஞ்சும் ஜெல் பொடி போடலாமா என்று கேட்பார்கள். மணலில் ஓரளவு உதவும். ஊறவைத்துப் பிசைந்துதான் மண்ணோடு கலக்க வேண்டும். காய்ந்த பொடியாகக் குழியில் தூவினால் முதல் மழையில் உப்பி, கன்றையே மேலே தூக்கும். உப்புத்தண்ணீரில் அது வீங்குவது மிகக் குறைவு. களிமண்ணுக்குத் தேவையே இல்லை.

தண்ணீரை ஆழத்தில் கொடுப்பது

மேலே ஊற்றுகிற 10 லிட்டரில் கணிசமான பங்கை வெயில் எடுத்துக்கொள்ளும், இன்னொரு பங்கைக் களை எடுத்துக்கொள்ளும். அதைவிட மோசம், வேர் ஈரத்தைத் தேடி மேலேயே தங்கிவிடும்.

செலவில்லாமல் நன்றாக வேலை செய்வது நிற்கும் குழாய். 2 அங்குலக் குழாய், 2 அடி நீளம். கீழ் ஒன்றரை அடியில் கன்றைப் பார்க்கிற பக்கமாக ஆணியைக் காய்ச்சி மூன்று விரல் இடைவெளியில் சிறு துளைகள் போடுங்கள். அடி திறந்தே இருக்கட்டும். நடும்போதே கன்றிலிருந்து நாலு விரல் தள்ளி நிறுத்திப் புதையுங்கள். நட்ட பிறகு அடித்து இறக்கினால் வேர் அறும். வாயில் கம்பி வலை கட்டுங்கள், ஓணான் விழுந்தால் மேலே வரமுடியாது. புனலை வைத்து மெதுவாக ஊற்றினால் தண்ணீர் நேராக ஒன்றரை அடியில் போய் இறங்கும். வெயிலுக்கு அங்கே வேலையில்லை. மணல் நிலத்தில் வேகமாக ஊற்றினால் வேருக்குக் கீழே ஓடிவிடும். 5 லிட்டர் ஊற்றி, மற்றக் கன்றுகளை முடித்துவிட்டு வந்து அடுத்த 5 லிட்டரை ஊற்றுங்கள்.

மண்குடம் இன்னும் நிதானமானது. மெருகு பூசாத, வண்ணம் அடிக்காத குடம், 5 லிட்டருக்குக் குறையாமல். வாங்குகிற குடத்தை நிரப்பிக் காய்ந்த தரையில் ஒரு நாள் வையுங்கள். மறுநாள் வெளிப்பக்கம் வியர்த்த நெற்றி மாதிரி இருந்தால் நல்ல குடம். சொட்டினால் விரிசல். தொட்டால் காய்ந்தே இருந்தால் அதிகம் வெந்த குடம், கசியாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கன்றிலிருந்து ஒரு சாணுக்குள் புதைத்து மூடி போடுங்கள். சுற்று மண் காய்ந்தால் குடத்திலிருந்து இழுக்கும், ஈரமாக இருந்தால் இழுக்காது. மழைநாளில் தண்ணீர் வீணாகாது என்பது இதன் பெருமை. ஆனால் பதினைந்து நாள் முழுவதும் 5 லிட்டர் கசியும் என்று எண்ண வேண்டாம். வறண்ட மண்ணில் சில நாளிலேயே காலியாகும். மிச்ச நாட்களைக் குழியின் ஈரமும் மூடாக்கும் தாங்க வேண்டும். உப்புத்தண்ணீர் ஊற்றினால் துளைகள் அடைபடும். ஒரு ஆண்டு கழித்துக் குடம் நிறைந்தபடியே நின்றால், மழைநாளாக இல்லாத பட்சத்தில், அடைப்புதான்.

பாட்டிலைத் தலைகீழாகக் குத்திவைக்கிற வித்தை தொலைவிடத்துக்கு ஆகாது. துளை பெரிதானால் ஒரு மணி நேரத்தில் காலி, சிறிதானால் மண் அடைத்துக்கொள்ளும்.

மூடாக்கு, கரையான்

காய்ந்த புல், சருகு, வைக்கோல், எது கிடைத்தாலும் நாலு அங்குலக் கனத்தில் ஒரு மீட்டர் அகல வட்டமாகப் பரப்புங்கள். தண்டிலிருந்து ஒரு கைப்பிடி தூரம் விட்டுவிட வேண்டும். ஒட்டி வைத்தால் பட்டை அழுகும், எலி ஒளிந்துகொண்டு பட்டையைக் கொறிக்கும்.

கரையான் அதிகமுள்ள நிலத்தில் சருகு போடுவது விருந்து வைக்கிற மாதிரி. கரையான் பெரும்பாலும் செத்த நாரையே தின்னும். பக்கத்தில் தாகத்தில் வாடி நிற்கிற கன்று இருந்தால், தண்டின் அடியில் மண்பூச்சு ஏற்றி, பட்டையைச் சுற்றி அரித்துவிடும். அங்கே கல் மூடாக்குப் போடுங்கள். உள்ளங்கை அளவுத் தட்டைக் கற்களை இடைவெளியில்லாமல் அடுக்கினால் ஈரமும் நிற்கும், களையும் வராது, தீயும் பிடிக்காது. மண்பூச்சைக் கண்டால் விரலால் உதிர்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தெம்பான கன்றைக் கரையான் அவ்வளவாகச் சீண்டாது.

தீ வருகிற இடம் என்றால், கோடை தொடங்கும் முன் நட்ட இடத்தைச் சுற்றி 2 மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கி வெறும் மண் தெரிய வையுங்கள். செதுக்கிய புல்லை அங்கேயே ஓரத்தில் குவிக்காதீர்கள்.

கடித்தது யார்

வேலிக்குக் காசு செலவழிக்கும் முன் கடியைப் படிக்கத் தெரிய வேண்டும். தண்டு கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக அறுபட்டிருந்தால் முயல். நுனி நார்நாராகப் பிய்ந்திருந்தால் ஆடு, மாடு, மான். அவற்றுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது, கவ்வி இழுத்துத்தான் அறுக்க முடியும். அடிப்பட்டை உரிந்து அகலமான பல்தடம் தெரிந்தால் முள்ளம்பன்றி. குழியே தோண்டப்பட்டிருந்தால் பன்றி.

முயலுக்கு ஒன்றரை அடி உயரக் கோழி வலையைச் சுருட்டி, அடியை அரை அடி புதைத்தால் போதும். ஆட்டுக்கு அது வேடிக்கை. பின்னங்காலில் நின்றால் ஐந்தடிக்கு மேல் எட்டும். அதற்கு முள்தான். வேல முள், இலந்தை முள்ளை அடிக்கட்டை உள்பக்கமும் நுனி வெளிப்பக்கமும் இருக்கும்படி ஒரு மீட்டர் விட்ட வட்டத்தில் மார்பளவு அடைத்து, நாலு கல்லை ஏற்றிவையுங்கள். நுனி உள்பக்கம் இருந்தால் ஆடு கட்டையைக் கவ்வி இழுத்துவிட்டுப் போய்விடும். முள்வேலி ஆறேழு மாதத்தில் கரையான் தின்று படுத்துவிடும், அதற்குள் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சாணக்கரைசலை இலையில் தெளித்தால் ஆடு முகம் சுளிக்கும் என்பது உண்மைதான், அடுத்த மழை வரை. மேய்க்கிறவரிடம் பேசி வைப்பது எல்லா வேலியையும்விட மலிவு. ‘அண்ணே, இந்தப் பக்கம் கொஞ்சம் பார்த்துக்குங்க’ என்று சொல்லிவிட்டு வந்த இடத்தில் ஆட்டுக்கடி குறைவாகவே இருக்கும்.

விதைப்பந்து

கன்று சுமக்க முடியாத இடத்துக்கு விதைப்பந்து எறியலாம் என்பார்கள். ஜப்பானில் மசனோபு ஃபுகுவோகா களிமண் உருண்டையைப் பிரபலமாக்கியது முக்கியமாகத் தானியத்துக்கும் காய்கறிக்கும்தான். மரத்துக்கு அதில் தேறுவது சொற்பம். முளைத்தாலும் வேர் தரைக்குள் இறங்கும் முன் ஈரம் போய்விடும். செய்வதென்றால் களிமண் ஐந்து பங்கு, மக்கிய உரம் மூன்று, விதை ஒன்று. கோலிக்குண்டைவிடச் சற்றுப் பெரிதாக உருட்டி நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். வெயிலில் காயவைத்தால் வெடிக்கும். வேப்பங்கொட்டைக்கு ஆயுள் சில வாரம்தான், போன வருடக் கொட்டையை உருட்டுவது களிமண்ணுக்குச் செய்கிற அநியாயம். எறிவதைவிட, கடப்பாரையால் ஒரு குத்துக் குத்தி, விதைக் கனத்தைப்போல இரண்டு மடங்கு ஆழத்தில் மூன்று விதை போட்டு மூடுவது எவ்வளவோ மேல்.

போகிற நாட்கள்

நட்ட பதினைந்தாம் நாள் கட்டாயம் போங்கள். குழி உள்வாங்கியிருக்கும், மண் போட வேண்டும். சாய்ந்தது, வரப்பு உடைந்தது எல்லாம் அப்போதுதான் தெரியும். மழைக்காலத்தில் தண்ணீர் வேலை இல்லை, களைதான். கன்றைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் புல்லை விடாதீர்கள், அதற்கு வெளியே வெட்டவும் வேண்டாம், அந்தப் புல் காற்றையும் வெயிலையும் தடுக்கிறது. மழை நின்ற மூன்றாம் வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு 10 லிட்டர். ஊற்றும் முன் கம்பியை இறக்கிப் பாருங்கள். ஒரு அடி வரை வழுக்கினால் அந்தக் கன்றின் பங்கைப் பக்கத்துக் கன்றுக்குக் கொடுக்கலாம்.

கோடையில் இலை முழுக்க உதிர்ந்து நின்றால் செத்தது என்று கணக்கெழுதிவிடாதீர்கள். நகத்தால் தண்டைக் கீறுங்கள். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, நுனியில் இல்லையென்றால் கீழே கீறிப் பாருங்கள். அடியில் ஒரு விரல் பச்சை இருந்தாலும் வேம்பும் புங்கனும் மறுபடி துளிர்க்கும். இலை மஞ்சளாகிக் கொத்தாக உதிர்வது, கம்பி சேறாக வெளிவருவது இரண்டும் சேர்ந்தால் தண்ணீர் அதிகம், வடிகால் வெட்டுங்கள். ஓரம் மட்டும் கருகினால் தண்ணீர் போதவில்லை, அல்லது ஊற்றுகிற தண்ணீரில் உப்பு. உண்மையிலேயே செத்ததைப் பிடுங்கி வேரைப் பார்க்காமல் அதே குழியில் இன்னொன்றை வைக்காதீர்கள். வேர் பைவடிவத்திலேயே இருந்தால் கட்டி காய்ந்தது, கருத்து நாறினால் தண்ணீர் தேங்கியது, வெண்மையாக நல்லபடி இருந்து தண்டு மட்டும் போயிருந்தால் கடி அல்லது தீ.

இரண்டாம் கோடையில் பதினைந்து நாளை இருபத்தைந்தாக்குங்கள், அளவைக் குறைக்காமல். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் வேர் மேலேயே நிற்கும். அடுத்து நாற்பது நாள். கோடை நடுவில் தண்ணீர் கொடுக்காமலே புதுத் துளிர் விட்ட கன்றின் குழாயைச் சுற்றி ஈரம் ஊறவைத்து, மெல்லத் திருகி உருவி எடுத்து, துளையில் மண் போட்டு மூடிவிடுங்கள். அந்தக் குழாய் அடுத்த மழைக்கு வைக்கப்போகிற கன்றுக்கு ஆகும்.